மேனிஃபெஸ்ட் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கொழும்பில் ஃபீடர் கப்பல் (பெரிய துறைமுகத்திலிருந்து பெட்டி கொண்டுவரும் சிறு கப்பல்) கயிறு அவிழ்க்கப் போகிறது, தூத்துக்குடி அலுவலகத்தில் அதன் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்ட் சுங்கத் தளத்தில் இன்னும் ஏறவில்லை. இப்படி ஒரு குறிப்பை யாராவது தேடினால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தேடுவார்கள். அதனால் முதலில் ஒன்றே ஒன்று: திரும்பி வந்த பதிலை முழுதாகப் படிக்காமல் அதே ஃபைலை மறுபடி அனுப்பாதீர்கள். கப்பல் ஏஜென்சியின் ஆவணப் பிரிவில் பல இரவுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிழையைவிட அந்த அவசர மறு அனுப்புதல்தான் அதிக வேலை வைக்கிறது.

காகிதக் காலத்தில் பொது அறிவிப்பு, சரக்குப் பட்டியல், கப்பலின் பண்டக இருப்பு, மாலுமிகளின் உடைமைகள், மாலுமிகள் பட்டியல், பயணிகள் பட்டியல், ஆபத்தான சரக்குப் பட்டியல் என்று ஏழு படிவங்கள். எல்லாம் 1965-இல் உருவான ஃபால் எனும் சர்வதேசக் கடல் போக்குவரத்து எளிதாக்க உடன்படிக்கையின் வழி வந்தவை. அதே உடன்படிக்கைதான் 2019 ஏப்ரல் 8 முதல் மின்னணுப் பரிமாற்றத்தையும், 2024 ஜனவரி 1 முதல் ஒற்றைச் சாளரத்தையும் (எல்லா ஆவணத்தையும் ஒரே இடத்தில் கொடுக்கும் முறை) நாடுகளுக்குக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் சரக்குப் பட்டியலுக்கான புதிய ஒழுங்குமுறை 2018 மே 11-இல் அறிவிக்கப்பட்டது. 1971-இன் இறக்குமதி மேனிஃபெஸ்ட் விதிகளும் 1976-இன் ஏற்றுமதி மேனிஃபெஸ்ட் விதிகளும் அதோடு போயின. 2019 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்தாலும், மாற்றக் காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. அதனால் நம் அலுவலகங்களில் ஐ.ஜி.எம். என்ற பழைய பேரும் 'சாம்' என்ற புதிய பேரும் ஒரே வாக்கியத்தில் புழங்குகின்றன. இங்கே நான் மேனிஃபெஸ்ட் என்றே சொல்கிறேன்.

அன்று கவுன்டரில் இருந்த அதிகாரி "இது மூணா, எட்டா?" என்று கேட்பார். நாம் பேனாவால் திருத்திச் சுருக்கொப்பம் போடுவோம். இன்று அந்தக் கேள்வி பிழைச் செய்தியாக வருகிறது. சில சமயம் அதுவும் வருவதில்லை. தப்பான விவரத்தோடு மேனிஃபெஸ்ட் அப்படியே ஏறிவிடும், மூன்று நாள் கழித்து இறக்குமதியாளர் தலையில் விடியும். நான் அதிகம் பயப்படுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

## அனுப்பியாகிவிட்டது, பதிலே இல்லை

பதில் வரவில்லை என்றால் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அர்த்தமில்லை. நிராகரிக்கப்பட்டது என்றும் இல்லை. முதலில் ஐஸ்கேட் எனும் சுங்கத் துறை வலைதளத்தில் பதிவான மின்னஞ்சல் முகவரி எது என்று பாருங்கள். வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரி அங்கே இருப்பது சர்வசாதாரணம். ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள், பெட்டி நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் தளத்தில் உள்ளே போய் ஆவணத்தின் நிலையைத் தேடுங்கள். அங்கே பதிவு இருந்தால் காத்திருப்பதுதான் வழி.

பதிவே இல்லை, தளமும் திறக்கவில்லை என்றால், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதை இணைத்து சுங்க அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இது வெறும் சம்பிரதாயம் கிடையாது. சுங்கச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, கப்பல் வருவதற்கு முன்பே மேனிஃபெஸ்டை மின்னணு முறையில் கொடுக்கச் சொல்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் தாமதமானால் 50,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். அதே பிரிவில்தான், மின்னணு முறை சாத்தியப்படாதபோது வேறு வகையில் கொடுக்க ஆணையர் அனுமதிக்கலாம் என்ற வழியும் இருக்கிறது. காரணத்துக்குச் சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

## கையொப்பம் செல்லாது என்று திரும்புகிறது

டிஜிட்டல் கையொப்ப டோக்கனைப் புதுப்பித்தீர்களா? புதுப்பித்த சான்றிதழைத் தளத்தில் உங்கள் கணக்கில் மறுபடி ஏற்ற வேண்டும். டோக்கன் செய்து கொடுத்தவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். 2021 ஜனவரி 1 முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வழங்குவதில்லை, மூன்றாம் வகுப்புதான். இன்னொன்று: கையொப்பம் போட்ட பிறகு ஃபைலைத் திறந்து ஒரு புள்ளியைத் திருத்திச் சேமித்தாலும் கையொப்பம் உடைந்துவிடும். திருத்தம் என்றால் மறுபடி கையொப்பம், வேறு வழி இல்லை. டோக்கன் ஒருவரின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்க, அவர் கல்யாண வீட்டில் இருக்கிறார் என்ற நிலை வராமல், அதிகாரம் பெற்ற இரண்டு பேரைப் பதிவு செய்து வையுங்கள்.

## கப்பலே பொருந்தவில்லை என்கிறது

மூன்று எண்களைப் பாருங்கள்: ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் நிரந்தர அடையாள எண்), துறைமுகம் கொடுத்த கப்பல் வருகை எண், பயண எண். வருகை எண் துறைமுகத்தின் வலைதளம் வழியாகக் கிடைப்பது. கப்பலின் நிகழ்ச்சி நிரல் மாறி, பழைய எண் ரத்தாகிப் புதியது வந்திருந்தால், உங்கள் ஃபைலில் பழையதே நிற்கும்.

ஐ.எம்.ஓ. எண்ணைத் தாளில் சரிபார்க்கலாம். 9074729 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 63, 0, 35, 16, 21, 4. கூட்டினால் 139. கடைசி இலக்கம் 9. எண்ணின் ஏழாவது இலக்கமும் 9. ஆக எண் சரி. அரை நிமிட வேலை, கப்பலின் பேரை நம்புவதைவிட நல்லது. பேர் மாறும், கொடி மாறும், கப்பலை உடைக்கும்வரை இந்த எண் மாறாது.

துறைமுகக் குறியீட்டிலும் ஒரு வழக்கமான தடுக்கல் உண்டு. உலகக் குறியீட்டில் சென்னைக்கு ஐஎன்எம்ஏஏ என்று ஐந்து எழுத்து. சுங்கக் குறியீட்டில் பின்னால் ஓர் இலக்கம் சேரும்: கடல் வழிக்கு 1, சென்னை விமான சரக்குக்கு 4. தூத்துக்குடிக்கு ஐஎன்டியுடி1. லைன் (கப்பல் நிறுவனம்) அனுப்பும் பட்டியலில் ஐந்தெழுத்துதான் இருக்கும். எந்தக் கட்டத்தில் எது கேட்கிறது என்று பார்த்துப் போடுங்கள். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. வடசென்னையில் கப்பல் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இதில் கவனம் வையுங்கள்.

## கன்டெய்னர் எண் தவறு

நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். பெட்டியின் மேல் அந்தக் கடைசி இலக்கம் மட்டும் கட்டத்துக்குள் இருக்கும். பெரும்பாலான பிழை ஆங்கில ஓ எழுத்துக்கும் பூஜ்ஜியத்துக்கும் இடையில்தான். முதல் நான்கும் எழுத்து மட்டுமே, பின் ஏழும் எண் மட்டுமே என்று பிரித்துப் பார்த்தாலே பாதி பிடிபடும். நான்காவது எழுத்து பெரும்பாலும் யு.

சந்தேகம் தீரவில்லையென்றால் கணக்குப் போடுங்கள். ஏ-க்கு 10, பி-க்கு 12, சி-க்கு 13 என்று மதிப்பு ஏறும். 11, 22, 33 மூன்றையும் விட்டுவிட வேண்டும். சிஎஸ்க்யூயு 305438 என்ற எண்ணில் எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. அதன் பின் 3, 0, 5, 4, 3, 8. இந்தப் பத்தையும் வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. அதுதான் சோதனை இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று கொள்ள வேண்டும். எக்செல்லில் இந்தச் சூத்திரத்தை ஒருமுறை எழுதி வைத்தால் மொத்தப் பட்டியலையும் ஒரே இழுப்பில் சோதித்துவிடலாம்.

கணக்கு இடித்தால் நீங்களாக ஓர் இலக்கத்தை மாற்றிச் சரிக்கட்டாதீர்கள். கணக்குக்குப் பொருந்தும் எண் வேறொரு பெட்டியின் எண்ணாகவும் இருக்கலாம். ஏற்றிய துறைமுகத்திடம் கேளுங்கள்.

## ஃபைலின் அமைப்பே தவறு என்கிறது

ஜேசன் வடிவத்தில் உள்ள மேனிஃபெஸ்ட் ஃபைல் மென்பொருளிலிருந்து நேராக வந்தால் இது அரிது. நடுவில் எக்செல் நுழைந்தால்தான் வரும். வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறி, முகவரிக்குள் புகுந்த வரி முறிவு, நாளும் மாதமும் இடம் மாறிய தேதி என்று காரணங்கள் வரும். ஜூன் 5 மே 6 ஆகிவிட்டால், அதுவும் செல்லுபடியான தேதிதான் என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள். பொருளின் விவரத்தை நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்து ஒட்டினால் இந்த மாதிரிக் குப்பையில் பாதி போய்விடும்.

எடையையும் ஒருமுறை பாருங்கள். லைன் டன்னில் அனுப்பியிருக்கும், நம் ஃபைலில் அலகு கிலோ என்று இருக்கும். 25.4 கிலோ எடையுள்ள கன்டெய்னர் பட்டியலில் ஏறிவிடும். 20 அடி காலிப் பெட்டியே 2 டன்னுக்கு மேல் இருக்கும்.

## ஏற்றுக்கொண்டாயிற்று, ஆனால் சி.எச்.ஏ. கூப்பிடுகிறார்

ஒரு நாள் காலை, மேனிஃபெஸ்ட் ஏறிவிட்ட நிம்மதியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த சி.எச்.ஏ. (இறக்குமதியாளருக்காகச் சுங்க வேலை பார்க்கும் முகவர்) அலுவலகத்துப் பையன் போன் செய்தான்.

"அண்ணாச்சி, பி.எல். நம்பரை அடிச்சா இல்லைங்குது. உங்க கப்பல்தானே?"

"எங்க கப்பல்தான் தம்பி. நம்பரைச் சொல்லு."

"பூஜ்ஜியம் பூஜ்ஜியம் நாலு..."

அவன் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. என் திரையில் அந்த எண் நாலில்தான் தொடங்கியது. எக்செல் முன்னால் இருந்த இரண்டு பூஜ்ஜியங்களையும் தின்றுவிட்டது. அந்தக் கப்பலில் அந்த லைனின் பி.எல். (சரக்குக்கு லைன் கொடுக்கும் ஏற்றுச் சீட்டு) எல்லாமே அப்படி. அவன் கட்சிக்காரர் முன்கூட்டியே போட்டிருந்த பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்க அறிவிப்பு) எங்கள் மேனிஃபெஸ்டோடு சேராமல் நின்றது. ஒவ்வொரு பி.எல்.லுக்கும் திருத்தம் போட்டு, விளக்கக் கடிதம் எழுதி, அன்று மாலை வரை ஆனது. அந்தப் பையன் இரண்டு முறை நேரில் வந்து போனான். அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து பி.எல். எண் உள்ள கட்டத்தை எக்செல்லில் திறக்கும்போதே உரை வடிவத்தில் திறக்கிறேன். திறந்த பிறகு மாற்றினால் போன பூஜ்ஜியம் திரும்பாது. 15 இலக்கத்துக்கு மேல் நீளமான எண்ணாக இருந்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாகிவிடும், அதுவும் திரும்பாது. 11 இலக்கத்துக்கு மேல் போனாலே நடுவில் புள்ளியும் ஈ எழுத்துமாகச் சுருங்கிக் காட்டும். அந்தக் காட்சியைக் கண்டதும் ஃபைலை மூடிவிட்டு மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள்.

இந்த அறிகுறி வந்தால் முதலில் கேட்க வேண்டியது பி.எல். நகல். உங்கள் திரையில் உள்ளதை சி.எச்.ஏ.வுக்கு வாசித்துக் காட்டுவதில் பயனில்லை, அவரும் தன் திரையைத்தான் வாசிப்பார். நகலை வைத்துக்கொண்டு எண், தேதி, பொட்டலங்களின் எண்ணிக்கை, எடை நான்கையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கோடு, சாய்கோடு, இடைவெளி எல்லாமே எண்ணின் பகுதிதான். லைனின் பேரைக் குறிக்கும் முன்னெழுத்தைச் சிலர் சேர்த்து எழுதுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். இரு தரப்பும் ஒரே மாதிரி போட்டால்தான் சேரும்.

இதில் தாமதம் ஏன் வலிக்கிறது என்றால், இறக்குமதியாளருக்கு ஒரு கடிகாரம் ஓடுகிறது. கப்பல் வரும் நாளுக்கு முந்திய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டும் என்பது 2021 முதல் பொதுவான விதி. தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். கூடவே சி.எஃப்.எஸ். எனும் கன்டெய்னர் கிடங்கின் தரை வாடகையும் லைனின் கன்டெய்னர் வாடகையும் ஏறும். தப்பு நம்முடையதாக இருந்தால் திருத்தத்தை அன்றே போடுங்கள். தப்பு நம்முடையது என்று எழுத்தில் ஒரு கடிதமும் கொடுங்கள், தாமதக் கட்டணத்தில் தள்ளுபடி கேட்க அவருக்கு அது உதவும். மோசடி நோக்கம் இல்லாத பிழையைத் திருத்த 30-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. தயங்கித் தள்ளிப்போட வேண்டியதில்லை.

## மாஸ்டர் இருக்கிறது, ஹவுஸ் பில் தெரியவில்லை

கன்சால் சரக்கில், அதாவது பலருடைய சரக்கு ஒரே பி.எல்.லில் சேர்ந்து வரும்போது மட்டும் வரும் நோய். மாஸ்டர் பி.எல்.லை லைன் போடுகிறது, அதற்குள் ஒவ்வொரு சரக்குக்காரருக்கும் உள்ள ஹவுஸ் பில்களைக் கன்சால் ஏஜென்ட் போட வேண்டும். லைனின் ஃபைலில் அந்த மாஸ்டரைக் கன்சால் என்று குறித்து, ஏஜென்ட்டின் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால்தான் அவரால் உள்ளே நுழைய முடியும். நேரடி சரக்கு என்று குறித்துவிட்டால் கதவு மூடிவிடும். ஏஜென்ட்டுக்கு இரண்டு நிறுவனங்கள், இரண்டு பான் என்றால் எது என்று கேட்டு வாங்குங்கள், போன தடவை போட்டதையே போடாதீர்கள். பிழை யார் பக்கம் என்ற வாக்குவாதம் போனில் மணிக்கணக்கில் நடக்கும். லைனின் ஃபைலில் அந்த ஒரு வரியைத் திறந்து பார்த்தால் இரண்டே நிமிடத்தில் முடியும்.

## சரக்கு உள்நாட்டு டிப்போவுக்குப் போக வேண்டும், நகரவில்லை

பெங்களூரு வொயிட்ஃபீல்டுக்குப் போக வேண்டிய பெட்டியை உள்ளூர் சரக்கு என்று குறித்திருப்பீர்கள். எல்சி என்றால் இங்கேயே விடுவிப்பது, டிஐ என்றால் இந்தியாவுக்குள் இன்னொரு சுங்க நிலையத்துக்கு, டிசி என்றால் இன்னொரு நாட்டுக்கு. டிஐ என்றால் கொண்டுபோகும் நிறுவனத்தின் குறியீடு, பாண்டு (சுங்கத்துக்குக் கொடுத்த உறுதிப் பத்திரம்) எண், ரயிலா லாரியா என்பது எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். பாண்டில் இருப்புத் தொகை தீர்ந்துபோனாலும் அனுமதி வராது.

## என்ட்ரி இன்வர்ட் கிடைக்கவில்லை

31-ஆம் பிரிவின்படி என்ட்ரி இன்வர்ட் ஆணை இல்லாமல் சரக்கை இறக்கக் கூடாது. மேனிஃபெஸ்ட் ஏறியும் ஆணை வரவில்லையென்றால் பெரும்பாலும் ஃபைலில் பிழை இருக்காது. கலங்கரை விளக்கக் கட்டண ரசீது, மாலுமிகள் பட்டியல், பண்டக இருப்பு அறிவிப்பு ஆகியவற்றில் ஒன்று பாக்கி நிற்கும். கேப்டனிடம் இவற்றைக் கப்பல் வருவதற்கு முந்திய நாளே கேட்டு வாங்குங்கள். சிகரெட், மது எண்ணிக்கையில் பழைய துறைமுகத்துப் பட்டியலையே அப்படியே அனுப்பும் பழக்கம் சில கப்பல்களில் உண்டு. பூட்டி முத்திரை வைக்கும்போது எண்ணிக்கை இடித்தால் கேப்டனுக்குத்தான் தொல்லை.

ஆணையின் தேதிக்குப் பணமதிப்பும் இருக்கிறது. முன்கூட்டிப் போட்ட பில் ஆஃப் என்ட்ரிக்கு வரி விகிதம் என்ட்ரி இன்வர்ட் தேதியை வைத்துத்தான். பட்ஜெட் நாளையொட்டிக் கப்பல் வந்தால் இறக்குமதியாளர்கள் ஏன் மணிக்கொரு தரம் போன் செய்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

## எண்ணிக்கை இடிக்கிறது

பட்டியலில் 212 பெட்டி, இறங்கியது 211. கொழும்பு மாதிரி, சரக்கைக் கப்பல் மாற்றி ஏற்றும் துறைமுகத்திலிருந்து வரும் கப்பலில் இது நடக்கும். கடைசி நேரத்தில் ஒரு பெட்டி ஏறாமல் நின்றிருக்கும், பட்டியல் அதற்கு முன்பே போயிருக்கும். பயணம் குட்டி என்பதால் சரிசெய்ய இடைவெளியும் குறைவு. அதனால் ஏற்றி முடித்த இறுதிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அனுப்பிய மேனிஃபெஸ்டோடு ஒப்பிட்டு, கப்பல் வருமுன் திருத்தம் போடுங்கள். விட்டுவிட்டால் குறைவாக இறங்கிய சரக்குக்கு 116-ஆம் பிரிவு காத்திருக்கிறது. வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் அதில் உண்டு, ஏஜென்ட்டிடமே கேட்பார்கள். பட்டியலில் இல்லாத பெட்டி இறங்கினால் அதைத் தொடாமல் அதிகாரிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

## கப்பல் போய்விட்டது, ஏற்றுமதியாளர் கூப்பிடுகிறார்

புறப்பாட்டு மேனிஃபெஸ்டைப் போட்டு, போர்ட் கிளியரன்ஸ் வாங்கி, கப்பலை வழியனுப்பியதும் வேலை முடிந்தது என்று நினைப்போம். ஏற்றுமதியாளர் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. வரியைத் திரும்பப்பெறுதல் அந்த மேனிஃபெஸ்டைத்தான் நம்பியிருக்கிறது. அது சரியாகப் பதிவாகாதவரை அவருடைய ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க அறிவிப்பு) திரும்பப்பெறும் விண்ணப்பமாகவே கணக்கில் வராது. டிப்போவிலிருந்து வந்த சரக்கென்றால் அவர் கணக்கில் எஸ்பி006 என்று காட்டும். நுழைவாயில் துறைமுகத்தின் ஏற்றுமதி மேனிஃபெஸ்ட் கிடைக்கவில்லை என்று பொருள். நுழைவாயில் துறைமுகம் என்றால் நாம்தான்.

ஷிப்பிங் பில் எண், தேதி, கன்டெய்னர் எண் மூன்றையும் டிப்போவில் போட்டதோடு ஒப்பிடுங்கள். கப்பலில் ஏறாமல் வார்ஃபில் நின்றுபோன பெட்டியின் ஷிப்பிங் பில்லைப் பட்டியலிலிருந்து எடுத்தீர்களா என்று பாருங்கள். எடுக்காவிட்டால் அடுத்த கப்பலில் அதே பெட்டியைச் சேர்க்கும்போது ஏற்கெனவே போய்விட்டதாகச் சொல்லித் திருப்பும். கப்பல் கிளம்பிய மறுநாள் காலையில், டெர்மினல் தரும் ஏற்றிய பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாக டிக் போடுங்கள். சிறு ஏற்றுமதியாளருக்கு அடுத்த மாதச் சம்பளம் கொடுக்கும் பணம் அந்தப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கும்.